பாக்டீரியா பெருகியும் கீரை ஏன் மஞ்சளாக நிற்கிறது?

கேள்வி: பெங்களூரு ஆனேகல் பக்கம் அரை ஏக்கர் செம்மண்ணில் கீரை போடுகிறேன். பச்சைச் சாணமும் மட்காத தென்னைநார்க் கழிவும் கொட்டி உழுது, ஒரே வாரத்தில் விதைத்தேன். சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தமும் விட்டேன். இயற்கை உரம் மண்ணில் பாக்டீரியாவைப் பெருக்கும் என்கிறார்களே, பிறகு ஏன் கீரை மஞ்சளாகிறது?

பதில்: பெருகியதால்தான் மஞ்சளாகிறது. கரிமம் (கார்பன்) கிடைத்ததும் பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஆனால் அதன் உடம்பில் 5 முதல் 8 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தாக வேண்டும். தென்னைநார்க் கழிவிலோ ஏறக்குறைய 100 பங்குக்கு ஒன்றுதான். குறைகிற தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும்; வேருக்கு மிஞ்சாது. அவை மடியும்போது அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும், உண்மைதான். நெடுநாள் பயிர் என்றால் பொறுத்திருக்கலாம். ஒரே மாதத்தில் அறுக்கிற கீரைக்கு அதற்கு நேரமில்லை.

முதலில் இலையைப் பாருங்கள். அடியிலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து மட்டும் நரம்பு பச்சையாக, இடையே வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

அடியிலைதான் என்றால் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நீர்க்க வேரில் ஊற்றுங்கள். கொஞ்சம் யூரியா போட்டாலும் பாக்டீரியா செத்துப்போகாது. அந்தப் பயம் தேவையில்லை. வருடக்கணக்கில் யூரியா மட்டுமே போட்டுவந்தால்தான் உங்கள் செம்மண்ணில் அமிலத்தன்மை ஏறி, பாக்டீரியாவுக்கும் ஆகாமல் போகும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் 1986 முதல் கேழ்வரகு, மக்காச்சோளத்தில் நடக்கும் நீண்டகாலச் சோதனையிலும் தொழு உரத்தோடு சேர்த்து ரசாயன உரமிட்ட பாத்திகள் நன்றாகவே விளைந்திருக்கின்றன.

ஜீவாமிர்தத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. தீனி இல்லாத மண்ணில் டிரம் டிரம்மாக ஊற்றினாலும் புதிதாக வந்தவை நிலைக்காது.

பச்சைச் சாணத்தில் இன்னொரு சிக்கல்: வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் மண்ணை ஒட்டி வளரும் கீரையில் ஏறிவிடும். அமெரிக்க இயற்கை வேளாண் விதி, இப்படிப்பட்ட பயிருக்குப் பச்சைச் சாணமிட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி கேட்கிறது. அதனால் இந்த அறுப்பைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், நன்றாக வேகவையுங்கள். விற்பதானால் வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த போகத்துக்கு மண்வாசனை வரும் அளவுக்கு மட்கிய தொழு உரம் இரண்டரை டன் வாங்கி, விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே கலந்துவிடுங்கள். நார்க்கழிவைச் சிப்பிக்காளான் விதை சேர்த்து இரண்டு மாதமாவது தனியாக மட்கவிட்டுப் பிறகு போடலாம்.