சாவி நம்மிடம், கசிவு அங்கே

கேள்வி: என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய, மின்னஞ்சல்களைத் திறக்காமலே தேடலாம் என்கிறார்களே, சாவி நம்மிடம் இருக்கும்போது சர்வர்காரருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது?

பதில்: நீங்கள் தேடிய சொல் தெரியாது, ஆனால் அந்தத் தேடலுக்கு எந்தெந்த மின்னஞ்சல்கள் விடையாகப் போயின என்பது தெரியும். மின்னஞ்சல்களில் என்ன இருக்கும் என்பது முன்பே ஓரளவு தெரிந்திருந்தால், இதை அதோடு ஒப்பிட்டுத் தேடிய சொற்களில் பெரும்பாலானவற்றை ஊகித்துவிடலாம் என்று 2012-இல் என்ரான் கம்பெனி மின்னஞ்சல்களை வைத்துச் செய்து காட்டினார்கள். 2016-இல் வந்தது அதைவிட வில்லங்கம்: சர்வர்காரரே ஆளுக்கு ஆள் அனுப்புவது போல உங்களுக்குச் சில மின்னஞ்சல்களை அனுப்புகிறார், ஒவ்வொன்றிலும் அகராதியில் வெவ்வேறு பாதிச் சொற்கள், அப்புறம் நீங்கள் எதைத் தேடினாலும் அவற்றில் எவை வருகின்றன என்று பார்த்தால் போதும், சொல் அகப்பட்டுவிடும். ஒரு லட்சம் சொற்களுக்கு வெறும் 17 மின்னஞ்சல்! எதை எடுத்தோம் என்பதையே மறைக்கும் ஓரேம் (ORAM) என்ற முறை இருக்கிறது, சரி, ஆனால் வேகம் அடிவாங்கும்.