அரசுப் பணத்தில் ஆய்வு செய்தால் உண்மையை எழுத முடியுமா?

கும்பகோணத்திலிருந்து எழுதிய தந்தைக்கு, உங்கள் கலக்கம் புரிகிறது. இரண்டு முறை நீட் எழுதிய மகள், விலங்கியல் படித்துக் காட்டுயிர் ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள். உங்கள் மைத்துனரோ நிலத்தை விற்றாவது மருத்துவ இடம் வாங்கச் சொல்கிறார். “உயிரினத்தைக் காக்கப் பணம் தருவதும் அரசு, காட்டை வெட்ட அனுமதி தருவதும் அரசு, உண்மையை எழுத விடுவார்களா?” என்றும் கேட்கிறாராம்.

நிலத்தை விற்காதீர்கள். பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்காகச் சொத்தை இழப்பதை எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைத்துனரின் கேள்வி மட்டும் நியாயமானது. டேராடூனின் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. வன நிலத்தைத் திட்டங்களுக்கு மாற்ற ஒப்புதல் தருவதும் அதே அமைச்சகம். அப்போது வசூலாகும் ஈட்டுத்தொகை ‘காம்பா’ நிதியில் சேர்கிறது. அழியும் நிலையிலுள்ள கானமயில் என்ற பெரிய பறவை, கடற்பசு ஆகியவற்றின் மீட்புத் திட்டங்களுக்குப் பணம் வந்தது அதிலிருந்துதான். தனியார் பணமும் தூய்மையானதல்ல: சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதும் ஆலோசகருக்குக் கட்டணம் தருவது திட்டத்தைத் தொடங்கும் நிறுவனமே.

ஆனாலும் ராஜஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். கானமயிலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே வரும் மின்கம்பி சரியாகத் தெரியாது. உடல் கனம், சட்டென்று திரும்பவும் முடியாது. கம்பிகளுக்கு அடியில் நடந்து, செத்த பறவைகளை எண்ணி அறிக்கை தந்தது அந்த அரசு நிறுவனம்தான். கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும்படி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது அந்தக் கணக்கு துணைநின்றது. சூரிய மின்சாரத்துக்குத் தடை என்று திருத்தம் கேட்டுப் போனது ஒன்றிய அரசு; 2024 மார்ச்சில் உத்தரவு தளர்ந்தது. எண்ணியவர்களின் பதிவு இன்றும் இருக்கிறது.

இத்தகைய கணக்கை எடுக்கத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள். விலங்கியல் பட்டம் முடித்தால், மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலேயே காட்டுயிரியல் முதுகலை இருக்கிறது. புள்ளியியலை அவள் விடாமல் கற்க வேண்டும். எந்த ஆய்வுத் திட்டத்தில் சேரும் முன்பும், பணம் யாருடையது, தரவு யார் கையில் இருக்கும், முடிவை வெளியிட யார் அனுமதி வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கட்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் வனத்துறையின் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகக் கோடியக்கரைக்கு அனுப்பிவையுங்கள். நாள் முழுதும் சேற்றில் நின்று எண்ணும் வேலை பிடிக்கிறதா என்பதை வந்து அவளே சொல்லட்டும். அதற்குப் பிறகு விண்ணப்பம் பற்றிப் பேசுவோம்.