ஸ்பிரிட் வாசனை வந்தால் போதுமா?

கேள்வி: கருவிப் பேக்கை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் மெஷின்) போட்டேன். மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது. பேக் ஸ்டெரைல்தானே, கிருமி துளியும் இல்லைதானே? (தேனி)

அந்தக் கோடு, பேக் சூடு பட்டது என்பதற்கு மட்டும் சாட்சி. நடுவில் கிடக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) வரை நீராவி போனதா என்று டேப்புக்குத் தெரியாது. உள்ளே ஒரு கெமிக்கல் இண்டிகேட்டர் (நீராவி பட்டால் நிறம் மாறும் பட்டை) வையுங்கள், வாரம் ஒரு முறை ஸ்போர் டெஸ்ட் செய்யுங்கள். ஸ்போர் என்பது கெட்டி உறை போட்டுக்கொண்டு எளிதில் சாகாத கிருமி; அதுவும் செத்ததா என்று பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். பேக்குகளை வைக்கும் டிரம்மை அமுக்கி அடைக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை நிமிஷம் போட வேண்டும்? (பெயர், ஊர் இல்லை)

என்ன மெஷின், சுற்றிய பேக்கா சுற்றாததா, எதையும் எழுதாமல் நிமிஷம் மட்டும் கேட்டால் எப்படி? சாதாரண ஆட்டோகிளேவ், துணி சுற்றிய பேக் என்று வைத்துக்கொள்கிறேன். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிஷம். 121-ஐத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஸ்விட்ச் போட்டதிலிருந்து அல்ல.

கேள்வி: அவசரத்துக்கு, லேசாக ஈரமாக இருக்கும் பேக்கைப் பிரிக்கலாமா? (கரூர்)

கூடாது. ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும். ஈரமாக இருந்தால் அது ஸ்டெரைல் இல்லை. மறுபடி போடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிட் பஞ்சு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. மேலே இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக்கொள்ளலாமா? (திண்டுக்கல்)

இந்த எவர்சில்வர் டப்பாவோடு எனக்கு முப்பது வருஷப் பகை. காலையில் ஒரு பிடி பஞ்சு உருண்டை, அதன் மேல் ஸ்பிரிட், பாதி திறந்த மூடி. சாயங்காலம் வரை வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் விரலை விடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளினிக்கில் டப்பாவைக் கவிழ்த்தேன். அடிப் பஞ்சு பழுப்பாக இருந்தது. டிரெஸ்ஸிங் பிரித்த கையோடு யாரோ எடுத்திருக்க வேண்டும். "அதெல்லாம் ஸ்பிரிட் கொன்றுவிடும்மா" என்றார் அங்கிருந்த மூத்தவர். கொல்லாது. ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாகப் போகப் போக மிச்சம் தண்ணீர்தான். 50 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அதற்கு வலு இல்லை. ஸ்போருக்கோ 70 சதவீத ஸ்பிரிட்கூட ஒரு பொருட்டே இல்லை. பஞ்சை ஊறவைத்துப் பலமுறை எடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஸ்பிரிட் படாத சுத்தமான பஞ்சை எடுத்து, ஊசி போடும் நேரத்தில் பாட்டிலிலிருந்து நனையுங்கள். தோலை நடுவிலிருந்து வெளியே துடைத்து, அரை நிமிஷம் காய விடுங்கள். அப்புறம், வாயால் ஊதிக் காயவைக்கிறவர்களே, அதற்குத் துடைக்காமலே இருந்திருக்கலாம்.

கேள்வி: நோயாளிக்குப் போட்ட ஊசிக்கு மூடி போடும்போது அது விரலில் குத்திவிட்டது. பிழிந்து ரத்தம் எடுத்துவிட்டேன். நான்கு நாள் ஆகிறது. பயப்பட வேண்டுமா? (கடலூர்)

பிழியக் கூடாது, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி மூன்றும் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவே இல்லையே! போடாதவர்களுக்கு எச்.ஐ.வி.யைவிட அது பல மடங்கு சுலபமாகத் தொற்றும். இனி மூடி போடுகிற பேச்சே வேண்டாம். ஊசி நேராக ஊசிக் கழிவுக்கான வெள்ளை டப்பாவுக்கு. இதற்கெல்லாம் கடிதம் எழுதாதீர்கள், ஓடுங்கள்.

கேள்வி: கிளவுஸ் போட்டாலும் கை கழுவ வேண்டுமா? (நாகர்கோவில்)

போடும் முன்னும், கழற்றிய பின்னும். ஈரக் கையோடு போடாதீர்கள்.

கேள்வி: 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் (கிருமிநாசினித் திரவம்) 20 நிமிஷம் ஊறிய கத்தரிக்கோல் ஸ்டெரைலா? (சேலம்)

20 நிமிஷத்தில் பெரும்பாலான கிருமி சாகும், ஸ்போர் சாகாது. அதற்குச் சுமார் 10 மணி நேரம். ஆமாம், கத்தரிக்கோலை எதற்கு ஊறவைக்கிறீர்கள்? உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே புது ஆட்டோகிளேவ் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே!