சேலத்து சேர்மனும் எங்கள் களத்து நெல்லும்

கேள்வி: எங்கள் ஊர் சேர்மன் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கப் போவதாகப் பேச்சு. குழாயும் சாக்கடையும் பார்த்தவருக்குச் சட்டசபையில் என்ன வேலை?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நிறைய வேலை இருக்கிறது ஐயா. உங்கள் ஊர் வழியாகவே ஒரு முன்னாள் சேர்மன் நடந்து போயிருக்கிறார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் அவர். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கிளம்பி கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி என்று நடந்து, வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனார். தொண்டர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும், நம் சனம் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டி வைத்தது. 1937-ல் மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்கு அதைவிட 1952 முக்கியம். அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். அடுத்த வருடம் நிலம் உண்டா இல்லையா என்பது மிராசுதார் வாய்ச்சொல்லில் இருந்தது. அந்த வருடம் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்றது. இஷ்டத்துக்கு வெளியேற்றவும் தடை போட்டது. செங்கொடிச் சங்கத்தார் அடிபட்டுச் சிறைபட்டுப் போராடியிராவிட்டால் அது வந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். களத்தில் மரக்கால் விழும்போது அப்பா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று அம்மா சொல்வாள்.

அதே மனிதர் மறுவருடமே எங்களை நோகடித்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம்தான் பாடம், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் படி என்றார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா, வயல் பக்கம் வராதே என்று என்னை விரட்டி, மத்தியானமெல்லாம் திண்ணையில் சிலேட்டோடு உட்கார வைத்தார். 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்துதான் முதலமைச்சரானார். ஓட்டுக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்திருந்தால் அப்பா முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் சேர்மனைப் பற்றி ஒன்று விசாரியுங்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவரை உட்கார வைத்து முழுக்கக் கேட்டவரா? ஆம் என்றால் தயங்காமல் ஓட்டுப் போடுங்கள்.