கிராஃபிக்ஸ் கார்டு கணினி விளையாட்டுக்குத்தானே? தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் அதை எதற்கு வாங்குகின்றன?

ஏறத்தாழ இதே சொற்களில் இந்தக் கேள்வியை எங்கள் கல்லூரியின் கொள்முதல் குழு என்னிடம் கேட்டது. நீங்களும் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கோ விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். என் மாணவி ஒருவர், தம் அப்பா உருக்காலையில் வேலை பார்த்ததாலோ என்னவோ, உலையிலிருந்து வெளிவரும் எஃகுப் பாளம் எப்படிக் குளிர்கிறது என்பதைத் தம் ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டார். பாளத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டத்தின் அடுத்த கண வெப்பநிலையும் அதன் இப்போதைய வெப்பநிலையையும் அதைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களின் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது. விளிம்பில் உள்ளவை தவிர எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே சூத்திரம்தான். ஒன்றின் புதிய விடைக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. திரையின் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவதும் இதே தன்மையுள்ள வேலைதான் என்பதால், அதற்கென்று உருவான ஆயிரக்கணக்கான சிறு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) இதற்கும் பொருந்துகின்றன. கார்டில் பொதுவான கணக்குகளை நேரடியாக எழுத உதவும் என்விடியா நிறுவனத்தின் கூடா மென்பொருள் 2007-இல் வெளிவருவதற்கு முன்பு, ஆய்வாளர்கள் தங்கள் கணக்கைப் படம் வரையும் வேலைபோல மாற்றி எழுதித்தான் கார்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

குழுவோ கோப்பில் 'விளையாட்டுச் சாதனம்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மாணவி சூரமங்கலத்தில் தம் பெரியப்பா மகனின் கணினியில், அவர் விளையாடாத நேரத்தில், வேலையை முடித்தார். முதலில் எழுதிய நிரல் கணினியின் முதன்மைச் செயலியான சாதாரண சிபியுவைவிட மெதுவாக ஓடியது. காரணம், கணக்கின் ஒவ்வொரு காலப் படியிலும் எல்லா வெப்பநிலைகளையும் கார்டிலிருந்து கணினியின் நினைவகத்துக்கு நகலெடுத்ததுதான். தரவைக் கார்டிலேயே இருத்தி, நூறு படிக்கு ஒருமுறை மட்டும் வெளியே எடுத்ததும் வேகம் தெரிந்தது. அடுத்து, த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் சிறு கணக்கு இழைகள்) 32 கொண்ட குழுக்களாக ஓடுவதால், ஒரு குழுவில் சில மட்டும் 'இஃப்' நிபந்தனையில் வேறு வழி போனால் மற்றவை காத்திருக்க நேரும் என்பதைக் கண்டு, பாளத்தின் விளிம்புக் கட்டங்களைத் தனியாகப் பிரித்து எழுதினார். இந்த இரண்டையும் எந்தப் பாடநூலும் அவருக்கு அவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்காது. அதே கல்லூரியில் இணைக் கணிமை (பல கோர்களில் ஒரே நேரத்தில் கணக்கிடுவது) ஒரு தாள். மாணவர்கள், இதனால் வேகம் எவ்வளவு கூடும் என்பதற்கு வரம்பு சொல்லும் ஆம்டால் விதியை மதிப்பெண்ணுக்காக எழுதுகிறார்கள், ஒரு நிரலைக்கூட ஓட்டிப் பார்க்காமல். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வெளியுலகில் இதே வகைக் கணக்குகளே நடக்கின்றன: எண்ணெய் தேடும் நிறுவனங்களின் நில அதிர்வுத் தரவு, வாகனத்தைச் சுற்றிய காற்றோட்டம், குரோமேக்ஸ் போன்ற மென்பொருளில் புரத மூலக்கூறுகளின் அசைவு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் டைட்டன் மீக்கணினி 2012-இல் 18,688 கார்டுகளுடன் வந்தது. புனேயில் அரசு நிறுவனமான சி-டாக்கின் பரம் சித்தி மீக்கணினியும் இவ்வகைதான். குழுவிடம் நான் அழுத்திச் சொன்னது இன்னொன்று: அதே 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் படங்களை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு மாதிரியான அலெக்ஸ்நெட்டைப் பயிற்றுவித்தது, விளையாட்டுக்காகக் கடையில் விற்ற இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில், ஐந்தாறு நாட்களில்.

எல்லாக் கணக்குக்கும் இது உதவும் என்று நான் சொல்லவில்லை; மறுக்க வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிரலில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் ஓட வேண்டுமென்றால், எத்தனை கோர் இருந்தாலும் வேகம் பத்து மடங்குக்கு மேல் அதிகரிக்காது; ஆம்டால் விதி சொல்வதும் இதையே. அண்மைக்கால விளையாட்டுக் கார்டுகளில், எண்களை அதிக இலக்கங்களுடன் வைத்துக் கணக்கிடும் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் 32-இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். குழு இதைக் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி, எவரும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் எந்த நிரல், சிபியுவில் இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, கார்டில் எவ்வளவு நினைவகம் தேவை, எந்தத் துல்லியம் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பவர் சப்ளையையும் சேலத்து ஏப்ரல் வெயிலில் ஆய்வகம் எவ்வளவு சூடாகிறது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், இணையம் வழியாக நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாப்பில் கட்டணமின்றி, நேர வரம்புடன், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் செயலி) கிடைக்கிறது. மேலே சொன்ன வெப்பக் கணக்கை இரு பரிமாணத்தில் எழுதிப் பார்க்க அது போதும்.