வெளிநாடு போய் வந்த பின் காய்ச்சலா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: கணவர் வேலை விஷயமாக 3 வாரம் கானாவில் இருந்துவிட்டு வந்தார். வந்த 12-ம் நாள் குளிர்காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்துவிட்டது. அங்கே தடுப்பு மாத்திரையும் சாப்பிட்டார். இனி பயமில்லைதானே?

பதில்: இப்போதைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள பால்சிபாரம் மலேரியா, கொசு கடித்து 7 நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். சிலருக்கு 3 மாதம் வரைகூட ஆகலாம். உங்கள் கணவரின் தேதிகள் இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகின்றன.

முதல் பரிசோதனையில் ஏன் தப்பிவிடுகிறது? முதிர்ந்த ஒட்டுண்ணிகள் உள்ளுறுப்புகளின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் அந்த நேரம் மிகக் குறைவாகவே இருக்கலாம். அதனால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் 3 முறை ரத்தப்பூச்சு (கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்க வேண்டும். குளிர் நடுக்கம் வரட்டும், அப்போது ரத்தம் எடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்தால்தான் மலேரியா என்பதும் தவறு. ஆரம்பத்தில் அந்த ஒழுங்கு இருக்காது.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஊர் திரும்பியதும் நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். டாக்சிசைக்ளின், மெப்ளோகுயின் இரண்டையும் திரும்பிய பிறகு 4 வாரம் தொடர வேண்டும்; அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் மலேரியா வரவே வராது என்று சொல்ல முடியாது. மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தடுப்புக்குச் சாப்பிட்ட மருந்தையே சிகிச்சைக்குத் தருவதில்லை.

மலேரியா உறுதியானால், சிக்கலில்லாத நிலையில் ஆர்டிமெதர்-லூமிபேன்ட்ரின் மாத்திரை 3 நாளில் 6 வேளை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் உடலில் சரியாகச் சேராது. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும். பேச்சில் குழப்பம், கண்ணில் மஞ்சள், சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆர்டிசுனேட் ஊசி நரம்பு வழியாகப் போட வேண்டிய கட்டம் அது.

கேள்வி: தாய்லாந்திலிருந்து திரும்பிய 5-ம் நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. நான்கு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் வயிறு வலிக்கிறது. வேலைக்குப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். டெங்குவாக இருக்க வாய்ப்பு அதிகம். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவதும் அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இன்றே மருத்துவமனையில் ஹெமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தட்டணுக்களும் பார்க்கச் சொல்லுங்கள். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை முதல் 5 நாளில்தான் நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு, உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ஐஜிஎம் சோதனை. ஐபுபுரூபனும் ஆஸ்பிரினும் கூடாது, பாராசிட்டமால் மட்டும். மலேரியாவுக்கும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது.

கேள்வி: மலாவி ஏரியில் குளித்து 6 வாரம் ஆகிறது. காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் தடிப்பு. ஈசினோபில் (ஒரு வகை வெள்ளையணு) அதிகம் என்கிறார்கள். அலர்ஜியா?

பதில்: ஏரியைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அலர்ஜி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் சிஸ்டோசோமா புழுவின் இளம்பருவம் தோலைத் துளைத்து உள்ளே போகும். நீங்கள் சொல்வது, இந்தப் புழு நுழைந்த சில வாரங்களில் வரும் கடாயாமா காய்ச்சலோடு ஒத்துப்போகிறது. இந்தக் கட்டத்தில் மலத்திலோ சிறுநீரிலோ முட்டை தென்படாமல் போகலாம். ஆன்டிபாடி சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இதற்கான மருந்தான பிராசிகுவான்டல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குஞ்சுகளை விட்டுவிடும். அதனால் சீக்கிரம் கொடுத்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பயணத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் லோபெரமைடு (வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை) போதுமா?

பதில்: காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவில். 14 நாளைத் தாண்டினால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு மலம் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாலியில் குரங்கு பிறாண்டி லேசாக ரத்தம் வந்தது. 2 வாரம் ஆகிவிட்டது. இனி ஊசி போட்டுப் பயனுண்டா?

பதில்: உண்டு. இன்றே போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். நோய் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம். வெளிப்பட்ட பிறகு மருந்தில்லை. முன்பு இந்தத் தடுப்பூசி போடாதவர் என்றால், ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி) தேவை. முதல் ஊசி போட்ட 7 நாளைத் தாண்டினால் அதைப் போடுவதில்லை என்பதால் இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். காயம் பட்ட இடத்தில் கொப்புளம், மரத்துப்போதல், காய்ச்சல் என்று எது வந்தாலும் குரங்கு என்பதை முதலில் சொல்லுங்கள். அது குரங்குகளிடமிருந்து தொற்றும் பி வைரஸாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு.