எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. இந்த ஒரே வருடத்தில் நான்கு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி முட்டுகிறது. முதல் தடவை டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கையே ஒவ்வொரு முறையும் வாங்கிப் போடுகிறேன், எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவேன். நான் சுத்தமாக இல்லாததால்தான் இப்படி வருகிறதா?

பதில்: அந்தக் கடைசி சந்தேகத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை, நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிற பாக்டீரியாதான். பெண்களுக்கு சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆசனவாய்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் கிருமி சிறுநீர்ப்பைக்கு ஏறிப் போக அதிக தூரமில்லை. எவ்வளவு சுத்தமாக இருப்பவருக்கும் வரும். சோப்பு, வாசனைத் திரவம் என்று உள்ளே கழுவிக்கொண்டிருந்தால் அங்கே காவலாக இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய், தொல்லைதான் கூடும்.

எனக்குக் கவலை அந்த மாத்திரை விஷயத்தில்தான். எரிச்சல் ஒன்றிரண்டு நாளில் குறைந்துவிடும், ஆனால் கிருமி முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஒரே ஒரு வேளையில் முடிகிற சிகிச்சையும் உண்டு, 3 நாள், 5 நாள் போடவேண்டியதும் உண்டு, எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் போட்டு முடியுங்கள். அப்புறம், போன தடவை கேட்ட மருந்து இந்தத் தடவையும் கேட்கும் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் யூரின் கல்ச்சர். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அது சொல்லிவிடும். ஆனால் மாத்திரை போடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுக்க வேண்டும், போட்ட பிறகு கொடுத்தால் கிருமி இருந்தும் ஒன்றுமில்லை என்று வரலாம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு அல்லது வருடத்தில் மூன்று தடவை வந்தாலே அடிக்கடி வரும் தொற்று என்றுதான் கணக்கு, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். உறவுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்கென்று தனி வழிகள் இருக்கின்றன. விந்துக்கொல்லி ஜெல் பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள். தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல சேதி: குறைவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த, இதே தொல்லை உள்ள பெண்களைத் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிரான்பெர்ரியும் சிலருக்கு மறுபடி வராமல் தடுக்க உதவலாம், வந்த தொற்றை அது போக்காது. எரிச்சலுக்கு வாங்கும் சிரப்பும் அப்படித்தான், எரிச்சல் குறையும், கிருமி அங்கேயே இருக்கும். சில ஆன்டிபயாடிக்கின் வேலையையும் அது கெடுக்கும் என்பதால் கேட்காமல் குடிக்காதீர்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. வழக்கமான பரிசோதனையில் சிறுநீரில் பாக்டீரியா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவுமில்லை. உடனே மருந்து ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயதான பெண்கள் நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் பாக்டீரியா இருக்கும், ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சமாகும். சர்க்கரை இருப்பதால் மட்டும் இது மாறாது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சில சிகிச்சைகள் செய்யப்போகிறவர்களுக்கும் மட்டும் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்பார்கள். அம்மாவுக்குப் பின்னால் தொந்தரவு ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு தொற்று அடிக்கடி வருகிறவர்களுக்கு, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாக உதவுகிறது, அதைப் பற்றிக் கேட்க யாரும் முன்வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

கேள்வி: ஆண்களுக்கும் இது வருமா?

பதில்: வரும், குறைவாக. வந்தால் புராஸ்டேட் வீக்கம், கல், அடைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும். கல்ச்சர் கட்டாயம், மருந்தும் பெரும்பாலும் ஒரு வாரமாவது போகும்.